திங்கள் இரவு 7:30, சனி மாலை 6

‘டிடெக்டிவ் கோனன்’ தொடங்கிய புதிதில், கொலை நடந்த இடங்களுக்கு இன்ஸ்பெக்டர் மெகுரேயின் பின்னாலேயே ஓர் இளம் போலீஸ்காரர் வந்துபோவார். கதையில் அவருக்குப் பெயர் கிடையாது. அவருக்குக் குரல் கொடுத்தவர் வத்தாரு தக்காகி. தொடரில் குண்டுப் பையன் கெந்தாவுக்கும் அவர்தான் குரல். அந்தப் பெயரில்லாத போலீஸ்காரர் யார் என்று கேட்கப்பட்ட ஓர் இடத்தில், வசனத் தாளில் இல்லாத ஒன்றை அவர் சட்டென்று சொன்னார். தன் சொந்தப் பெயரைச் சொன்னார்: தக்காகி.

மூலக்கதையை எழுதி வரையும் கோஷோ அவோயாமாவுக்கு அது பிடித்துப்போனது. தக்காகி மங்காவுக்குள் நுழைந்தார். அங்கே சத்தோ என்ற பெண் அதிகாரியின் மேல் காதல் கொண்டார். சொல்ல முடியாமல் தவித்தார், குண்டு வெடிக்க இருந்த இடத்தில் மாட்டினார், பிழைத்தார். இன்று அந்தத் தொடரில் வாசகர்கள் மனதாரப் பின்தொடரும் காதல்களில் அதுவும் ஒன்று. மங்காவில் பிறந்து அனிமேக்கு வந்த பாத்திரங்கள் நூறு உண்டு. அனிமேயில் பிறந்து மங்காவுக்குக் குடிபோனவர் தக்காகி. இன்னொரு அதிகாரியான ஷிராத்தோரியும் அப்படித்தான்: 1997-இல் வந்த முதல் திரைப்படத்தில் தோன்றி, பிறகு மூலக்கதைக்குப் போனவர்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நீளமான அனிமே ஒன்றைப் பார்க்க உட்காரும் எவரும் இன்று முதலில் கேட்பது, “எதையெல்லாம் விட்டுவிடலாம்?” என்றுதான். கோனன் 1100 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. விடை தயாராக இருக்கிறது: ஃபில்லர் எல்லாவற்றையும் விட்டுவிடு. அதாவது மங்காவில் இல்லாத, தொலைக்காட்சிக்கென்றே எழுதிய கதைகளைத் தாண்டிப் போ. இந்தத் தொடரைப் பொறுத்தவரை அது தவறான அறிவுரை என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அன்று எப்படி இருந்தது என்று பார்க்கலாம்.

1994 ஜனவரியில் ‘ஷோனென் சண்டே’ வார இதழில் மங்கா தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1996 ஜனவரி 8-ஆம் தேதி, திங்கட்கிழமை இரவு 7:30-க்கு அனிமே வந்துவிட்டது. ஒசாகாவின் யோமியூரி தொலைக்காட்சியும், பிறகு டிஎம்எஸ் என்று பெயர் சுருங்கிய டோக்கியோ மூவி ஷின்ஷாவும் சேர்ந்து எடுத்தார்கள். கணக்கு எளிது. மங்காவில் ஒரு வழக்கு பெரும்பாலும் மூன்று வாரம் ஓடும். அனிமே அதை இரண்டு வாரத்தில் முடித்துவிடும். இப்படியே போனால் ஒருநாள் பின்னால் வருபவன் முன்னால் போகிறவனின் குதிகாலை மிதித்துவிடுவான். இடையில் சொந்தமாகக் கதை கட்டியே ஆகவேண்டும்.

அந்த வேலையை அவர்கள் வெகு சீக்கிரமே தொடங்கினார்கள். ஆறாவது எபிசோடே சொந்தக் கதை. பெயர் ‘வாலன்டைன் கொலை வழக்கு’. ஒளிபரப்பான நாள் பிப்ரவரி 12. காதலர் தினத்துக்கு இரண்டு நாள் முன்னால். ஜப்பானில் பெண்கள் சாக்லேட் வாங்கக் கடைகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வாரம் அது. மங்காவால் இதைச் செய்ய முடியாது. அங்கே எழுதிய கதை எழுதியபடி வரும். தொலைக்காட்சிக்கோ நாள்காட்டி தெரியும். அதே ஆண்டு வந்த 36-ஆம் எபிசோடின் பெயரைப் பாருங்கள்: ‘திங்கள் இரவு 7:30 மணிக் கொலை வழக்கு’. வீட்டில் இரவுச் சாப்பாட்டோடு தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, தாங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நேரமே கதையின் பெயராக வந்து நின்றது. ஃபில்லர் என்பது இடைவெளியில் திணித்த பஞ்சு என்று நினைப்பவர்கள் இந்தக் குறும்பைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும்.

அன்றைய ஃபில்லர் எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. சந்தேகத்துக்குரியவர் மூன்று பேர், சாட்சி ஒன்று, மீன்பிடிக் கயிறும் பனிக்கட்டியும் மாதிரி ஏதோ ஒரு தந்திரம், கடைசி ஐந்து நிமிடத்தில் துப்பறிவாளர் கோகோரோவின் கழுத்தில் கோனன் எய்யும் மயக்க ஊசி. இந்த அச்சில் வார்த்த கதைகள் நிறைய. சிலவற்றில் கொலையாளி அறைக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும்.

ஆனால் அதே மேசையில் உட்கார்ந்து எழுதியவர்களில் கசுனாரி கோச்சி இருந்தார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஜப்பானைக் கட்டிப்போட்ட ‘தாயோ நி ஹோயேரோ’ என்ற போலீஸ் தொடரில் எழுதிப் பழகிய கை அவருடையது. கோனனின் முதல் திரைப்படத்துக்கும் அதன் பின் வந்த பலவற்றுக்கும் திரைக்கதை அவர்தான். 2016-இல் காலமானார். ஒரு கொலைக்குப் பின்னால் ஒரு குடும்பமோ ஒரு பழைய அவமானமோ இருக்கும் என்பதை மறக்காத எழுத்து. தொலைக்காட்சிப் போலீஸ் கதையின் பழைய தொழில் சுத்தம் கோனனுக்கு வந்து சேர்ந்தது இப்படிப்பட்டவர்கள் வழியாகத்தான்.

அனிமேக்காரர்களுக்கு மூலக்கதை எங்கே போகிறது என்று தெரியாத காலமும் அதுவே. 13-ஆம் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். மங்காவில் ஹிரோத்தா மசாமி என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒரு பெண் வருவாள். கோனனைச் சிறுவனாக்கிய கறுப்பு உடைக் கும்பலின் கையால் சாவாள். அனிமேயில் அந்தக் கும்பலை எடுத்துவிட்டு, வேறொரு கதையாக மாற்றிவிட்டார்கள். அப்போது அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பிறகு மங்காவில், அந்தக் கும்பலிலிருந்து தப்பிவந்த ஹைபரா வந்தாள். செத்துப்போன அந்தப் பெண் அவளுடைய அக்கா என்று தெரிந்தது. அக்காவின் மரணம் இல்லாமல் தங்கைக்கு அழுகை ஏது? ஆகவே ஹைபரா வரும் 129-ஆம் எபிசோடுக்கு ஒரு படி முன்னால், 128-இல், அந்தப் பழைய வழக்கைத் திரும்ப முதலிலிருந்து எடுத்தார்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு வடிவம் இருப்பதற்கு இதுதான் காரணம். தொடரைப் புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் குழம்புவார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அன்றைய அவசரமும், மூன்று வருடத்தில் வந்த நிதானமும் ஒருசேரத் தெரியும்.

ஒரே ஒரு பழைய ஃபில்லர் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் கைகாட்டுவது 184. ‘சாப முகமூடி குளிர்ந்து சிரிக்கும்’. 2000-ஆம் ஆண்டு சிறப்பு நிகழ்ச்சியாக வந்தது. ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு பெரிய மாளிகை. சுவர் நிறைய முகமூடிகள். ஒவ்வொன்றும் வாயை இழுத்துச் சிரிக்கிறது. இரவு ஆகிறது. உள்ளே தாழிட்ட அறைக்குள் உயிர் போயிருக்கிறது. தரையெல்லாம் முகமூடிகள் இறைந்து கிடக்கின்றன. அந்தத் தரைக் காட்சியில் கேமரா நின்று பார்க்கிற விதத்தைக் கவனியுங்கள். நம்மை நடுங்கவைக்க அந்த முகமூடிகளை வைத்திருக்கிறார்கள் என்றே முதலில் தோன்றும். மீதியை நான் சொல்லமாட்டேன். பூட்டிய அறைக் கொலை என்பது துப்பறியும் கதையின் மிகப் பழைய வகை. ஜப்பானியர்கள் அதை உயிரைவிட்டு வளர்த்தவர்கள். எடோகாவா கோனன் என்ற பெயரிலேயே எடோகாவா ரம்போவும் ஆர்தர் கோனன் டாயிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பரம்பரைக்கு மரியாதை செய்கிற கதை இது. மங்காவில் இது இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் இதைத் தாண்டிப் போனால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

அன்றைய ஃபில்லரில் இன்னொன்றும் உண்டு: பொருள்கள். செல் ஓவியத்தில் தீட்டிய மங்கலான இரவு நிறம், பெட்டி வடிவத் திரை, தெருமுனைத் தொலைபேசிக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு சிறுவன், கழுத்தில் குரல் மாற்றும் வில்-டை. தோழி ரானோடு பேசுகிறான், சிறுவனாகுமுன் தான் இருந்த பதினேழு வயது ஷினிச்சியின் குரலில். அந்தக் கூண்டின் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் வரை காதில் நிற்கிறது. இன்றைய எபிசோடில் அதே பையன் கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறான். கதைக்குள் ஒரு வருடம்கூட முடியவில்லை. இன்னும் ஒன்றாம் வகுப்பில்தான் படிக்கிறான். அவனைச் சுற்றியுள்ள உலகம் முப்பது வருடம் நகர்ந்துவிட்டது. கொலையாளியின் பொய்ச் சாட்சியம் அன்று ரயில் அட்டவணையிலும் பதில் சொல்லும் கருவியின் ஒலிநாடாவிலும் நின்றது. இன்று குறுஞ்செய்தி நேரத்திலும் கண்காணிப்புக் கேமராவிலும் நிற்கிறது. நாள்தோறும் மாறுகிற இந்தப் பொருள்களை உடனுக்குடன் கதைக்குள் கொண்டுவருவது ஃபில்லருக்குச் சுலபம். ஜப்பானின் அன்றாடம் எப்படி மாறியது என்று காட்டும் ஆவணமாகவே இவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. ஆனால் ஒரு வருடத்தைச் சொல்லச் சொன்னால் 2009 என்பேன். அந்த ஆண்டு தொடர் திங்கட்கிழமையை விட்டுச் சனிக்கிழமைக்கு மாறியது. இப்போது சனி மாலை 6 மணி. அதே ஆண்டில் கோகோரோவின் குரலும் மாறியது. பதின்மூன்று ஆண்டுகள் பேசிய அகிரா கமியா விலகி, ரிக்கியா கொயாமா வந்தார். வார நாள் இரவில் இருந்த நிகழ்ச்சி வார இறுதி மாலைக்கு வந்ததும், 36-ஆம் எபிசோடின் தலைப்பு வரலாறாகிவிட்டது.

இன்னொரு பக்கம் மங்கா மெல்ல நடக்கத் தொடங்கியது. அவோயாமாவுக்கு உடல்நலம் அடிக்கடி ஓய்வு கேட்டது. 2017 டிசம்பரில் நீண்ட விடுப்பு அறிவித்து, அடுத்த ஏப்ரலில்தான் திரும்பினார். 2021-இல் நூறாவது தொகுதி வந்தது. அனிமேயோ வாரம் தவறாமல் வரவேண்டும். அன்று இடையிடையே வந்த சொந்தக் கதை, இன்று தொடரின் பெரும் பகுதியைத் தாங்குகிறது. மொத்தத்தில் ஏறக்குறைய பாதி அதுதான். பாதிக் கட்டடத்தை இடித்துவிட்டு மீதியில் குடியிருக்கச் சொல்வது போலிருக்கிறது ஃபில்லரை விடு என்கிற யோசனை.

மற்ற தொடர்களின் அனுபவம்தான் இந்த யோசனையைப் பரப்பியது. நருட்டோவில் 2005 முதல் 2007 வரை, 136-ஆம் எபிசோடிலிருந்து 220 வரை, மூலக்கதை நின்றுபோய் ஃபில்லரே ஓடியது. ஒரு பெரிய சண்டைக்குக் காத்திருந்த பார்வையாளன் வெறுத்துப்போனதில் நியாயம் உண்டு. அது ஒரே நதி; நடுவில் அணை போட்டால் தண்ணீர் தேங்கும். கோனனில் ஒவ்வொரு வழக்கும் ஒரு குளம். இங்கே அணை என்ற பேச்சே கிடையாது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் மோரியார்ட்டி வராத கதைகளையெல்லாம் விட்டுவிடு என்று யாராவது சொல்வார்களா?

ஜப்பானிய ரசிகர்கள் இந்த எபிசோடுகளை ‘அனிமே ஒரிஜினல்’ என்கிறார்கள். பேச்சு வழக்கில் ‘அனிஒரி’. அந்தச் சொல்லில் திணிப்பு என்ற வாடையே இல்லை. சொந்தச் சரக்கு என்ற அர்த்தம்தான் இருக்கிறது. வெளிநாட்டில் பார்க்கிற நாம்தான் ஃபில்லர் என்ற சொல்லோடு அதன் ஏளனத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம்.

இன்றைய எபிசோடுகளின் பெயர்ப் பட்டியலை நிறுத்திப் படித்தால் ஒன்று தெரியும். மங்காவிலிருந்து எடுத்த எபிசோடுகளில் திரைக்கதை ஆசிரியர் என்று பெரும்பாலும் யார் பெயரும் இருப்பதில்லை. மங்காவின் கட்டங்களிலிருந்தே காட்சிப் படங்களை வரைந்துவிடுகிறார்கள். எழுத்தாளர் என்று ஒருவர் பெயர் வருவது சொந்தக் கதைகளில்தான். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பாருங்கள். மசாக்கி சூஜி 1932-இல் பிறந்தவர். அறுபதுகளில் ‘அஸ்ட்ரோ பாய்’க்கு எழுதியவர். ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமே பிறந்தபோது தொட்டில் ஆட்டியவர்களில் ஒருவர். துப்பறியும் நாவலாசிரியரும்கூட, 2019-இல் ஜப்பானிய மிஸ்டரி இலக்கியப் பெருவிருது அவருக்குக் கிடைத்தது. எண்பதைத் தாண்டிய வயதில் கோனனுக்குச் சொந்தக் கதை எழுதிக்கொண்டிருந்தார் அவர். யோஷியோ உராசாவா இன்னொருவர். ‘மூன்றாம் லூபின்’ தொடங்கிச் சிறுவர் நாடகங்கள் வரை, தர்க்கத்தைக் கொஞ்சம் கோணலாக வளைத்துச் சிரிப்பை வரவழைக்கிற கை. அவர் எழுதிய எபிசோடுகளில் கொலையைவிட மனிதர்களின் விசித்திரம்தான் மனதில் தங்கும். இவர்களை விட்டுவிடச் சொல்கிறது தாண்டிப்போகும் பட்டியல்.

கோகோரோவுக்கு நியாயம் கிடைப்பதும் இங்கேதான். மூலக்கதையில் அவர் பெரும்பாலும் ஊசி வாங்கித் தூங்கும் முதுகு. சொந்தக் கதைகளில் எழுத்தாளர்கள் அவரைக் கொஞ்சம் எழுப்பி உட்காரவைக்கிறார்கள். குடிப்பவர், சூதாடுபவர், அழகியைக் கண்டால் அசடு வழிபவர். அதோடு, நம்பியவரைக் கைவிடாதவர். ‘கோகோரோ நல்ல மனிதர்’ என்றே ஓர் எபிசோடுக்குப் பெயர் உண்டு. முன்னாள் போலீஸ்காரர் என்பதை அவரே மறந்தாலும் இந்த எபிசோடுகள் மறப்பதில்லை.

இன்றைய ஃபில்லரின் இன்னொரு முகம் ஊர்சுற்றல். மேற்கு ஜப்பான் ரயில்வே கோனன் பெயரில் மர்மச் சுற்றுலா நடத்துகிறது. அதற்கு இணையாக அந்தந்த ஊரிலேயே நடக்கிற சொந்தக் கதைகள் வந்தன. தொத்தோரி மணல்மேட்டில் ஒரு வழக்கு, கித்தாக்யூஷூவில் ஒரு வழக்கு. விளம்பரம்தானே என்று ஒதுக்கத் தோன்றலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு தொத்தோரி கதையைப் பார்த்தேன். ஜப்பானுக்குள் இப்படி ஒரு மணல் பரப்பு இருக்கிறதா என்ற வியப்பு முதலில் வந்தது. அவோயாமா பிறந்தது இதே மாவட்டத்தின் ஹொக்குவே ஊரில் என்பது அடுத்து நினைவுக்கு வந்தது. அவருக்கான அருங்காட்சியகம் 2007 முதல் அங்கே இருக்கிறது. யுரா ரயில் நிலையத்தைக் கோனன் நிலையம் என்கிறார்கள். 2015 முதல் தொத்தோரி விமான நிலையத்தின் பெயரிலேயே கோனன் சேர்ந்துவிட்டான். மக்கள்தொகையில் ஜப்பானின் மிகச் சிறிய மாவட்டம் அது. படைத்தவனின் ஊருக்குப் படைப்பு சென்றுவந்த பயணம் என்று பார்த்தால் அந்த எபிசோடின் எடை கூடுகிறது.

இதற்கிடையே திரைப்படங்கள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. 2018-இல் வந்த ‘சீரோவின் எக்ஸிக்யூஷனர்’ ஜப்பானில் 900 கோடி யென்னைத் தாண்டியது. 2023 படம் 1000 கோடியைத் தாண்டியது. இரண்டுக்கும் எழுதியவர் தாக்கேஹாரு சக்குராய். அவரும் ‘ஐபோ’ என்ற போலீஸ் தொடரில் பழகிய எழுத்தாளர்தான். ஆக, கோச்சியிலிருந்து சக்குராய் வரை ஒரே பட்டறையின் ஆட்கள். இந்தப் படங்கள் வழியாகப் புதிதாக வருகிறவர்கள் அமுரோ என்ற பாத்திரத்தையும் கறுப்பு உடைக் கும்பலையும் தேடி வருகிறார்கள். கையில் பட்டியலோடு வருகிறார்கள். கும்பல் வரும் எபிசோடுகளை மட்டும் பொறுக்கி, நூறுக்குள் தொடரை முடித்துவிடுகிறார்கள்.

அவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2025 திரைப்படம் நாகானோ மாவட்டத்துப் போலீஸ் மூவரைச் சுற்றியது: யமாத்தோ, ஊவேஹரா, மொரொஃபுஷி. மூவரும் மங்காவில் பிறந்தவர்கள். அந்த மாவட்டக் காவல்துறைக்குள் இருக்கும் இருட்டை எடுத்து ஒரு கதை பல பகுதிகளாக வந்தது: ‘மாவட்டக் காவல்துறையின் கறுப்பு இருள்’. மூவருக்கும் நடுவே உள்ள நம்பிக்கை எப்படிப்பட்டது என்று அதைப் பார்த்தவருக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திரையரங்குக்குப் போனவர் பனிமலைக் காட்சியில் யமாத்தோவின் முகத்தை வேறு மாதிரி பார்த்திருப்பார்.

2020-இல் பெருந்தொற்று வந்து புதிய எபிசோடு எடுக்க முடியாமல் போனபோது, பழைய எபிசோடுகளையே போட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில், ஆயிரமாவது எபிசோடுக்கு, 1996-இன் ‘மூன்லைட் சொனாட்டா’ வழக்கைப் புதிதாக எடுத்தார்கள். அது மங்கா கதை, கொண்டாட வேண்டியதுதான். ஒரு நல்ல சொந்தக் கதைக்கும் அந்த மரியாதை கிடைக்கவேண்டும் என்பது என் ஆசை. 184-ஐ இன்றைய கையால் ஒருமுறை எடுத்தால் எப்படி இருக்கும்!

காட்சிக்குக் காட்சி நடுவே ‘டங்’ என்று திறந்து மூடுமே ஒரு கனத்த கதவு, அதில் மாற்றமில்லை. அடுத்த வாரக் குறிப்பாக எபிசோடின் கடைசியில் ஒரு சொல் வருமே, அதுவும் தொடர்கிறது. மங்கா கதை, சொந்தக் கதை இரண்டுக்கும் ஒரே கதவுதான். 1996-இல் திங்கள் இரவு உட்கார்ந்த பையனுக்கு எது எது என்று தெரியாது. அவன் வழக்கைத்தான் பார்த்தான்.

தொடரைப் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 6, 36, பிறகு 184. இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். 184-ஐ மட்டும் இரவில் பாருங்கள். அது முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடும்போது நிறுத்தி, எழுதியவர் பெயரையும் படித்துவிடுங்கள்.